மட்சா கப் கேக் பழுப்பாவதும் கசப்பதும் ஏன்?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்த மட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடியைப் போட்டு, முட்டை சேர்க்காமல், தயிரும் சமையல் சோடாவும் கலந்து சின்னக் கப் கேக்குகள் செய்திருக்கிறார். ஒரு கப் மைதாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடி. 180 டிகிரியில் 25 நிமிடம். வெளியே எடுத்தபோது மேற்புறம் பழுப்பு, பிட்டுப் பார்த்தால் உள்ளே மங்கிய காக்கி நிறம், வாயில் வைத்தால் கசப்பு. பொடியை இன்னும் கூட்டினால் பச்சை வருமா, கசப்புக்குச் சர்க்கரையை ஏற்றலாமா, பொடி தீர்ந்துபோனால் கடையில் கிடைக்கும் கிரீன் டீ இலையை மிக்ஸியில் அரைத்துப் போடலாமா என்பவை கேள்விகள். அடுத்த மாதம் வீட்டில் வளைகாப்பு வைத்திருக்கிறார்கள், அதற்கு 40 கேக் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். கேள்விகள் பலவானாலும் அவர் அறிய விரும்புவது ஒன்றுதான்: இந்தப் பொடி கேக் மாவுக்குள் போன பிறகு அதற்கு என்ன நேர்கிறது?

நான் கும்பகோணத்தில் பேக்கரி நடத்துகிறேன், கேட்டரிங் படித்தவன், வார இறுதிகளில் வீட்டிலேயே கேக் செய்ய விரும்புகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் படிக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இதைக் கேட்கத் தொடங்கியதால், சில ஆண்டுகளாக இந்தப் பொடியோடு பழகி வருகிறேன். கீழே எழுதுவதில் ஒரு பகுதி உணவு வேதியியலில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது, மற்றொரு பகுதி என் அடுப்பில் நான் கண்டது மட்டுமே; எது எந்த வகை என்பதை அங்கங்கே குறிப்பிடுகிறேன். உங்கள் பொடியையும் அடுப்பையும் நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே அவற்றைப் பற்றிய என் கணிப்பை நீங்களே சோதித்துக்கொள்ளும் வழிகளையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில் நேரடியான பதில். பொடியைக் கூட்டாதீர்கள், ஏறக்குறையப் பாதியாகக் குறையுங்கள். தயிரையும் சமையல் சோடாவையும் விட்டுவிட்டு, பேக்கிங் பவுடரும் பாலும் வைத்துச் செய்யுங்கள். அடுப்பை 160 டிகிரிக்கு இறக்குங்கள். உங்கள் கேக்கில் நிறம் போனதற்குப் பொடி போதாமை காரணமில்லை. இருந்த நிறத்தைத் தயிரின் புளிப்பும் அடுப்பின் சூடும் சேர்ந்து அழித்துவிட்டன. போட்ட பொடியின் கசப்பு மட்டும் அப்படியே மிஞ்சிவிட்டது. சர்க்கரையை ஏற்றினால் இனிப்பான கசப்பு கிடைக்குமே தவிர, கசப்பு அவ்வளவாகக் குறையாது.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, மட்சா எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன்படும். செடி நம் நீலகிரியில் வளரும் அதே தேயிலை இனம்தான். ஆனால் பறிப்பதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே தோட்டத்தின் மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். வெளிச்சம் குறையும்போது இலை பச்சையத்தைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. வெயிலில் துவர்ப்புப் பொருள்களாக மாறக்கூடிய தியானின் என்னும் அமினோ அமிலமும் மாறாமல் இலையிலேயே தங்குகிறது. மட்சாவில் நாவின் ஓரத்தில் ஊறுகிற அந்த இதமான சுவைக்கு இதுவே காரணம். பறித்த இலையை உடனே ஆவியில் காட்டி, இலையைக் கருக்கச் செய்யும் நொதிகளை நிறுத்துகிறார்கள். சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கி, எஞ்சும் இலைத்துணுக்குகளைக் கல் இயந்திரத்தில் மெதுவாக அரைக்கிறார்கள். ஒரு கல் ஒரு மணி நேரத்தில் 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். வேகமாக ஓட்டினால் கல் சூடேறி நிறமும் மணமும் கெடும். கியோத்தோவை அடுத்த உஜியும் ஐச்சி மாகாணத்து நிஷியோவும் இதற்குப் பேர்போன ஊர்கள். இவ்வளவு கவனத்தோடு காப்பாற்றி வந்த பச்சையைத்தான் நாம் 180 டிகிரி அடுப்பில் புளித்த மாவுக்குள் வைக்கிறோம்.

கீரை வேகவைக்கிற எல்லோருக்கும் இந்தச் சங்கதி கையோடு தெரியும். முளைக்கீரையைப் பாத்திரத்தை மூடாமல் வேகவைத்தால் பச்சையாக இருக்கும். மூடி வைத்தாலோ புளி சேர்த்துக் கொதிக்கவிட்டாலோ பழுத்துக் கறுத்துவிடும். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. சூடும் அமிலமும் சேர்ந்து அதை வெளியேற்றி அந்த இடத்தில் ஹைட்ரஜனை உட்காரவைத்துவிடுகின்றன. அப்படி உண்டாகும் பொருளின் நிறம்தான் அந்தக் காக்கிப் பச்சை. மூடாத பாத்திரத்தில் கீரையின் அமிலங்களில் ஒரு பங்கு ஆவியோடு வெளியே போய்விடுகிறது. மூடினால் திரும்பக் கீரைமேலேயே விழுகிறது. மட்சாவும் இலைதான். ஆனால் நொறுங்கிப் பொடியாகிவிட்ட இலை என்பதால் அமிலமும் சூடும் அதை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு சிறு கரண்டிகளில் ஒரு சிட்டிகை பொடி எடுத்து, ஒன்றில் பாலையும் மற்றொன்றில் எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றிக் குழைத்துச் சிறு தீயில் காட்டுங்கள். பாலில் கரைந்தது பச்சையாகவே இருக்க, எலுமிச்சையில் கரைந்தது உங்கள் கண்முன்னே மங்கிப்போகும்.

சோடா புளிப்பை முறித்துவிடுமே என்று நீங்கள் கேட்கக்கூடும். முறிக்கும், ஆனால் வீட்டு அளவில் தயிரின் புளிப்பும் சோடாவின் காரத்தன்மையும் சரிக்குச் சரியாக அமைவது அபூர்வம். இன்று உறைந்த தயிருக்கும் நேற்றுத் தயிருக்குமே புளிப்பு வேறு. நம் ஊர் வெயிலில் காலைத் தயிர் மாலைக்குள் புளித்துவிடுகிறது. சோடா குறைந்தால் புளிப்பு மிஞ்சிப் பச்சையம் பழுக்கும். கூடினால் வேறொரு தொல்லை: பச்சையத்துக்குக் காரம் நல்லதுதான், ஆனால் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களான கேட்டகின்கள் காரத்தில் விரைவாகக் கறுத்துவிடும் இயல்புடையவை. கீரைக்குச் சோடா போட்டுப் பச்சையாக வைத்துக்கொள்ளும் உத்தி தேயிலைக்குச் சரிப்பட்டு வராமல் போவது இதனால்தான். சோடா மிஞ்சிய மட்சா கேக்கில் சவுக்கார வாடையும் அடிக்கும். ஏறக்குறைய நடுநிலையில் நிற்கும் பேக்கிங் பவுடர் இந்த இரண்டு பக்கத்துத் தொல்லையையும் தவிர்த்துவிடுகிறது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை ஆகியவற்றையும் இந்தக் கேக்கில் நான் சேர்ப்பதில்லை. அவற்றின் சொந்த நிறமும் வாசமும் இலையின் நிறத்தையும் வாசத்தையும் மூடிவிடுகின்றன. இதற்கு வெள்ளைச் சர்க்கரையே ஏற்றது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பில் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். மேற்புறத்துப் பழுப்பு பச்சையத்தால் மட்டும் வருவதில்லை. பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து சிவக்கின்றன. சாதாரண வெண்ணிலா கேக்கில் அந்தச் சிவப்பை நாம் விரும்புகிறோம், அதைப் பார்த்துத்தான் வெந்துவிட்டது என்று தீர்மானிக்கிறோம். மட்சா கேக்கில் அந்த நிறத்துக்காகக் காத்திருந்தால், அது வரும் நேரத்தில் கேக் வெந்து முடிந்து சில நிமிடம் ஆகியிருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள்: விரல் நுனியால் நடுவில் மெல்ல அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும், பல்குச்சி குத்தினால் ஈரமாவு ஒட்டக்கூடாது, ஓரிரு துகள் ஒட்டினால் பாதகமில்லை. 160 டிகிரியில் சின்னக் கப்புக்கு 18 முதல் 20 நிமிடம் பிடிக்கும். வீட்டில் வைத்திருக்கும் சிறிய ஓ.டி.ஜி. அடுப்புகளில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால், திருகில் 160 என்று வைத்தாலும் மேற்புறத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே சூடு படும். முன்கூட்டிச் சூடேற்றிய பிறகு கீழ்க்கம்பியை மட்டும் ஓடவிட்டு, தட்டை நடு அடுக்கிலிருந்து ஒரு படி கீழே வைத்து, 10 நிமிடம் கழித்து மேலே ஒரு பட்டர் பேப்பரைத் தளர்வாகப் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடுப்பு வெப்பமானி ஒன்றை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தால் உங்கள் அடுப்பின் குணம் தெரிந்துவிடும். பிரஷர் குக்கரில் உப்போ மணலோ பரப்பிக் கேக் செய்கிறவர்கள் இந்தப் பொடியை அதில் போடாமல் இருப்பது நல்லது. அங்கே சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லை.

இனி அளவு. ஒரு மட்டத் தேக்கரண்டி மட்சா ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். மாவின் எடையில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு என்பதே நான் கைக்கொள்ளும் அளவு. 7 பங்கைத் தாண்டினால் பழகாத நாவுக்குக் கசப்பு முன்னே வந்து நிற்கும். நீங்கள் போட்ட இரண்டு மேசைக்கரண்டி, ஒரு கப் மைதாவுக்கு ஏறக்குறைய 9 பங்கு ஆகிறது. தேநீராக வடித்துக் குடிக்கும்போது இலையில் உள்ளதில் ஒரு பகுதிதான் தண்ணீரில் இறங்குகிறது. பொடியாக உண்ணும்போது இலை முழுவதும் உள்ளே போகிறது. கசப்பும் துவர்ப்பும் இவ்வளவு தீவிரமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பாலின் புரதம் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து அவற்றின் கூர்மையைக் குறைக்கும் என்பதால், கொஞ்சம் பால்பவுடர் சேர்ப்பது சர்க்கரையைக் கூட்டுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒரு சிட்டிகை உப்பும் அவசியம். கசப்பை அடக்குவதில் உப்புக்கு இருக்கும் திறம் பலரும் எதிர்பார்க்காதது.

முட்டை சேர்ப்பவர்களுக்காக முதலில் ஓர் அளவு தருகிறேன். மைதா 100 கிராம், சோளமாவு 15 கிராம், மட்சா 5 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மட்டத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். மட்சா மிக நுண்ணிய பொடி ஆகையால் சிறுசிறு உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கூடுதலாகவே கட்டும். சலிக்காமல் போட்டால் வெந்த கேக்கில் கரும்பச்சைப் புள்ளிகளாக நின்று, அந்தப் புள்ளி பல்லில் படும் இடமெல்லாம் கசக்கும். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமையும் பொடித்த சர்க்கரை 110 கிராமையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, இரண்டு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, சலித்த மாவையும் 30 மில்லி பாலையும் மாற்றி மாற்றிப் போட்டு, மாவு மறைந்ததும் கலப்பதை நிறுத்திவிடுங்கள். இது 12 சின்னக் கப்புகளுக்குக் காணும். சோளமாவு சேர்ப்பது நம் மைதாவின் இழுவையைக் குறைக்கத்தான். அதற்குப் பதில் இடியாப்பத்துக்கு வைத்திருக்கும் நைஸான பச்சரிசி மாவையும் அதே அளவு போடலாம். ஜப்பானிலும் அரிசி மாவில் கேக் செய்யும் வழக்கம் உண்டு, துகள் இன்னும் மென்மையாக வருகிறது.

வெண்ணெய் விஷயத்தில் டெல்டாக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமையல் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’ என்று எழுதியிருப்பது 20 டிகிரிக்கு நெருக்கமான அறையைக் கருதி எழுதியது. சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் வீட்டு அடுப்படியில் வெண்ணெயை வெளியே வைத்தால் அரை மணியில் ஓரங்கள் எண்ணெயாகக் கசியத் தொடங்கும். அப்படி இளகிய வெண்ணெயை எவ்வளவு அடித்தாலும் காற்றுக் குமிழிகள் அதில் தங்காது, கேக் அழுந்திப்போகும். பழி மட்சா மேல் விழும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சிறு துண்டுகளாக நறுக்கி, விரலால் அழுத்தினால் பதியும் பதத்துக்கு வந்த உடனே அடிக்கத் தொடங்குங்கள்; அடிக்கிற பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நெய்யை நான் இதற்குச் சிபாரிசு செய்யமாட்டேன். நம் பக்கத்து உருக்கிய நெய்யின் மணம் அருமையானது, ஆனால் அதன் பக்கத்தில் தேயிலையின் மென்மையான வாசம் நிற்காது.

உங்களுக்கு வேண்டியது முட்டை இல்லாதது. அதற்கு மைதா 120 கிராம், சோளமாவு 15, பால்பவுடர் 15, மட்சா 6 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை எல்லாவற்றையும் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், சர்க்கரை 20 கிராம், வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெயோ உருக்கி ஆறவைத்த வெண்ணெயோ 60 கிராம், காய்ச்சி ஆறிய பால் 100 முதல் 120 மில்லி ஆகியவற்றைக் கலந்து, அதில் மாவைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறினால் போதும். மாவு இட்லி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரண்டியிலிருந்து நாடாவாக விழ வேண்டும். கண்டென்ஸ்டு மில்க் சீக்கிரம் சிவக்கும் பொருள் என்பதால் 160 டிகிரியைத் தாண்டவே கூடாது. நிறத்தைப் பொறுத்தவரை முட்டையில்லாத இந்தக் கேக் ஒரு வகையில் வசதியானது. முட்டையின் மஞ்சள் கரு பச்சையை மஞ்சள் கலந்த பச்சையாகத் திருப்பும். இதில் அந்த மஞ்சள் இல்லை.

அடுப்பே வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஜப்பானியர்கள் ஆவியில் வேகவைத்துச் செய்யும் மிருதுவான சின்னக் கேக்குகள் அங்கே வீட்டுப் பலகாரமாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நம் இட்லிப் பானையைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. மைதா 100 கிராம், மட்சா 4 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை 50 கிராம், பால் 100 மில்லி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, ஒரு முட்டை; முட்டை வேண்டாதவர்கள் அதற்குப் பதிலாக 40 மில்லி பால் கூடுதலாகவும் ஒரு கைப்பிடி பால்பவுடரும் சேர்த்துக்கொள்ளலாம். இட்லிக் குழிகளில் காகிதக் கப்புகளை வைத்து முக்கால் அளவு ஊற்றி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு தட்டை இறக்கி, மூடியில் ஒரு மெல்லிய துணியைக் கட்டி 12 நிமிடம் வேகவையுங்கள். துணி கட்டாவிட்டால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேற்புறம் அம்மை விழுந்ததுபோல் குழிகள் வந்துவிடும். ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாததால் எதுவும் சிவப்பதில்லை, நேரமும் குறைவு. அடுப்பில் வைத்ததைவிட ஆவியில் வெந்ததில் பச்சை தெளிவாக நிற்பதை நான் எப்போதும் கண்டிருக்கிறேன். ஆனால் மறுநாள் இறுகிவிடும்; திரும்ப இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் மீண்டும் மிருதுவாகும். விழாவுக்கு முதல் நாளே செய்துவைக்க இது ஏற்றதன்று, அன்று மாலை காபியோடு வீட்டார் சாப்பிட மிக நல்லது.

உங்கள் பொடியே பழையதாகவோ தரம் குறைந்ததாகவோ இருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. வெள்ளைத்தாளில் ஒரு சிட்டிகை வைத்து விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். நல்ல மட்சா தாளில் மை தடவியது போல் இடைவெளியில்லாமல் இழைந்து, இளம் நெற்பயிரின் பச்சையில் கோடு விழும். சாதாரணப் பச்சைத் தேயிலையை அரைத்த பொடி சொரசொரத்து, துகள் துகளாகப் பிரிந்து, மஞ்சளோ பழுப்போ கலந்த கோடாகும். மோந்து பார்த்தால் நல்லதில் பசுமையும் லேசான பால்வாசமும் இருக்கும்; காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுதானதில் வைக்கோல் வாசம் அடிக்கும். பொட்டலத்தின் பின்புறம் தேயிலை தவிர வேறெதுவும் எழுதியிருக்கக்கூடாது. சர்க்கரையும் பால்பவுடரும் சேர்த்த பானக் கலவைகளும் மட்சா என்ற பெயரிலேயே விற்கின்றன, அவற்றை இந்த அளவில் போட்டால் நிறமும் வராது சுவையும் வராது. ‘செரிமோனியல்’, ‘குலினரி’ என்று போட்டிருக்கும் தரப்பெயர்கள் விற்பவர்கள் வைத்துக்கொண்டவை, சட்டம் வகுத்தவை அல்ல. கேக்குக்கு விலை உயர்ந்த குடிக்கும் தரம் வீண். அதன் நுண்மை சர்க்கரையிலும் வெண்ணெயிலும் மறைந்துவிடும். அதற்காக மிக மலிவானதை வாங்கினால் பச்சை இராது. நடுத்தர விலையில், அண்மையில் அரைத்தது என்று தேதி போட்ட சிறிய டப்பாவே போதும்.

கடையில் வாங்கும் கிரீன் டீயை மிக்ஸியில் அரைப்பது பற்றி: போடலாம், ஆனால் அது வேறு பண்டம். குன்னூர்ப் பக்கத்துப் பச்சைத் தேயிலை வடித்துக் குடிக்க நல்ல தேயிலை, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அது வெயிலில் வளர்ந்த இலை. பச்சையம் குறைவு, துவர்ப்பு அதிகம், நரம்பும் காம்பும் நீக்கப்படாதது. மிக்ஸி எவ்வளவு சுற்றினாலும் நாக்கில் மணல் போல நெருடும், கேக் வெந்த பிறகும் அந்த நெருடல் போகாது. அதைப் பயன்படுத்தியே தீர வேண்டுமானால் அரைக்காதீர்கள். கேக்குக்கான பாலைக் கொதிக்கவிடாமல் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி, இலையை அதில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்து, அந்தப் பாலைச் சேருங்கள். மணம் வரும், நிறம் வராது, ஏனென்றால் பச்சையம் நீரில் கரையாத பொருள், கொழுப்பில்தான் கரையும். உருக்கிய வெண்ணெயில் இலையை ஊறவைத்து வடித்தால் மெல்லிய பச்சைச் சாயல் கிடைக்கிறது. முருங்கைக்கீரைப் பொடியைப் போட்டுப் பச்சையாக்கி மட்சா என்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். முருங்கைப் பொடி கேக் என்று சொல்லியே கொடுத்தால் அது நல்ல பண்டம், வேறு பெயரில் கொடுப்பது முறையன்று.

சுவைக்குத் துணை சேர்ப்பதில் ஏலக்காயை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். நம் கை தன்னால் அந்த டப்பாவுக்குப் போகும், ஆனால் ஏலக்காய் விழுந்த மாவில் தேயிலையைத் தேட வேண்டியிருக்கும். ஜப்பானில் மட்சாவோடு இனிப்பான சிவப்புப் பயற்றம் பூரணத்தைச் சேர்ப்பது வழக்கம். அந்தப் பயறுக்கு நெருங்கிய உறவுதான் நம் காராமணி. காரடையான் நோன்புக்கு வேகவைக்கும் சிவப்புக் காராமணியையே குழைய வேகவைத்து, சர்க்கரை சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, நெல்லிக்காய் அளவு உருட்டி, கப்பில் பாதி மாவு ஊற்றியதும் நடுவில் வைத்து மேலே மீதி மாவை ஊற்றிப் பாருங்கள். கருப்பு எள்ளும் மட்சாவோடு அங்கே பழக்கமான இணை. வறுத்துப் பொடித்த எள்ளை மேலே தூவினால் போதும். வெள்ளைச் சாக்லேட்டும் இனிப்புக் குறைந்த பால்கோவாவும் நன்றாகவே ஒட்டிப் போகின்றன. எலுமிச்சையையோ மாம்பழக் கூழையோ மாவில் சேர்க்க வேண்டாம். காரணம் மேலேயே சொல்லியாயிற்று.

வளைகாப்பு என்று எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மட்சாவில் காஃபீன் உண்டு. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிகிராம்வரை இருக்கும். 6 கிராம் பொடியில் 12 கேக் என்றால் ஒரு கேக்குக்கு அரை கிராம் பொடி, அதாவது 10 முதல் 20 மில்லிகிராம் காஃபீன். கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மருத்துவ அறிவுரை. ஒரு கேக் அதற்கு மிகவும் கீழே என்றாலும், அன்று குடிக்கும் காபியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது உறுதியானது; மாத்திரையிலிருந்து சேர்வதையும் குறைக்கக்கூடும். ஆகவே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வேளையோடு இதைச் சேர்க்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்ணின் உடல்நிலையை அறிந்த மருத்துவர் வேறு சொன்னால் அதையே கேளுங்கள், நான் அடுப்படிக்காரன். மட்சா சேர்த்தால் கேக் உடம்புக்கு நல்லதாகிவிடும் என்று சொல்லி விற்பதை நான் ஏற்பதில்லை. அதில் இருக்கும் சர்க்கரையும் வெண்ணெயும் அப்படியேதான் இருக்கின்றன.

நாற்பது கேக்குக்கு மாவை ஒரே தடவையில் கலந்து வைக்காதீர்கள். வீட்டு அடுப்பில் ஒரு நேரத்தில் 12தான் நிற்கும். காத்திருக்கும் மாவில் பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடுவதால் கடைசித் தட்டு உப்பாது, பொடியின் நிறமும் ஈரத்தில் நின்று மங்கும். உலர்ந்த பொருள்களை நான்கு பங்காகச் சலித்து மூடிய டப்பாக்களில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டும் அடுப்புக்குள் போகும்போது அடுத்த பங்குக்குப் பாலைச் சேருங்கள். பிரித்த மட்சா டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடி, வெளிச்சம் படாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் கோக்காது.

வெந்த கேக்கின் பச்சையும் வெளிச்சத்துக்கு அஞ்சும். எங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியில் குழல்விளக்குக்கு நேரே வைத்த துண்டின் வெட்டுமுகம் மாலைக்குள் மஞ்சளடித்துவிடும்; அதையே மறுபடி ஒரு விரற்கடை சீவினால் உள்ளே காலையில் இருந்த பச்சை அப்படியே இருக்கும். ஆகவே முதல் நாள் இரவில் வேகவைத்து, நன்றாக ஆறியதும் எவர்சில்வர் தூக்கிலோ தகர டப்பாவிலோ அடுக்கி மூடுங்கள். மேலே கிரீமோ பால்கோவாவோ வைப்பதாக இருந்தால், வளையல் அடுக்கி முடிந்து பந்தி போடுவதற்குச் சற்று முன் வைத்துப் பரிமாறுங்கள். கிரீம் நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. வளைகாப்புக்கு முந்திய வாரத்தில் ஒரு நாள், கால் பங்கு அளவில் ஒரு தட்டு மட்டும் செய்து பார்த்து, நிறமும் கசப்பும் எப்படி வந்தன, அடுப்பில் எத்தனை நிமிடம் பிடித்தது என்று எழுதுங்கள். பொடியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.